கருத்தம்மாளுக்கு எழுதிய வீடு

கருத்தம்மாளின் பெயர் அந்த வீட்டில் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவளுடைய ரேஷன் அட்டை கூடலூரில் தம்பி வீட்டில் இருந்தது. வாக்காளர் அட்டையிலும் அந்த முகவரிதான். மின் இணைப்பு, காஸ், வீட்டு வரி எல்லாம் மொக்கைச்சாமி பெயரில். இருவருக்கும் கல்யாணம் நடக்கவில்லை. அந்த மனிதரோடு இருபத்தோரு வருடம் குடும்பம் நடத்தியவளிடம், யாராவது வந்து நீ யார் என்று கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு சீட்டுகூடக் கிடையாது. அப்படி ஒருவர் வந்து கேட்கப் போகிறார் என்ற பயத்திலேயே அவள் நடமாடினாள். நான் அந்த வீட்டுக்குப் போன முதல் நாள், என்னைப் பார்த்ததும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து நின்றாள். தன்னை வெளியே அனுப்ப வந்த ஆள் என்று நினைத்திருக்கிறாள்.

நான் போனது நோயாளியைப் பார்க்க. மொக்கைச்சாமிக்கு இரண்டாவது முறை வாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கோயம்புத்தூரில் டயர் கடை வைத்திருக்கும் அவருடைய ஒரே மகன் வைகுண்டராஜ் ஹோம் நர்ஸ் ஏஜென்சியில் சொல்லி என்னை வரவழைத்திருந்தார். வீடு கம்பத்துக்கு வெளியே, சுருளிப்பட்டி போகிற வழியில், திராட்சைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு.

கருத்தம்மாள் கூடலூர்க்காரி. கட்டியவன் லாரியில் குமுளிக்கு மேலே போய் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். பிறகு அவள் கூலிக்குத் திராட்சைக் கொடி கவாத்து வெட்ட மொக்கைச்சாமி தோட்டத்துக்கு வந்தாள். அப்போது அவருடைய மனைவி பேச்சியம்மாள் புற்றுநோயில் படுத்திருந்தார். அவருக்குக் கடைசி ஐந்து மாதம் மலம் மூத்திரம் எடுத்தது கருத்தம்மாள்தான். பேச்சியம்மாள் போன பிறகும் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். ஊர் ஒருநாள் பேசியது, ஒரு வருடம் பேசியது, அப்புறம் விட்டுவிட்டது. வைகுண்டராஜ் மட்டும் விடவில்லை. அவர் சண்டை போடுகிறவர் இல்லை. அவளை எந்த முறை சொல்லியும் கூப்பிடமாட்டார், அவ்வளவுதான். அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, அப்பாவுக்குப் பிறகு இந்த வீட்டை இடித்துவிட்டு திராட்சைப் பெட்டி அடுக்க ஷெட் போடலாம் என்று தன் மனைவியிடம் சொல்வார். நான் வந்த பிறகு முதல் தடவை அதைச் சொன்னபோது அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். இலையில் பாதி, தரையில் பாதி விழுந்ததை நான் பார்த்தேன்.

அன்று அவர்கள் போன பிறகு கருத்தம்மாள் என்னிடம் ஒரு விஷயத்தைச் சொன்னாள். மொக்கைச்சாமி முதல் வாதம் வந்தபோதே உயில் எழுதி வைத்துவிட்டாராம். தோட்டம் பரம்பரைச் சொத்து, அது மகனுக்கு. வீடு அவர் தன் சம்பாத்தியத்தில் மூன்று சென்ட் வாங்கிக் கட்டியது, அது அவளுக்கு. பத்திரம் எழுதும் கர்ணன் முத்திரைத்தாளில் டைப் அடித்து, இவர் கைநாட்டு வைத்து, இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் போட்டிருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் நேராக இருந்தது.

அந்தத் தைரியம் ஏழெட்டு வாரம்தான் இருந்தது. சித்திரை மாதம், வீரபாண்டித் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஜீப் ஓட்டும் ஈஸ்வரபாண்டி நோயாளியைப் பார்க்க இளநீரோடு வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாத ஆள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தவன், சாட்சிக் கையெழுத்துகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது சிரித்தான்.

“எத்தன பேருக்குப் போட்டிருக்கேன். ஒங்களுக்குக்கூட ஒண்ணு போட்டேன்ல மாமா. அது என்ன பத்திரம், லோனா?”

நான் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, பெரியவர் கைநாட்டு வைத்ததை நீ பார்த்தாயா என்று கேட்டேன்.

“நான் எங்கம்மா பாத்தேன்? காலைல அஞ்சு மணிக்கு ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு இருக்கேன். கர்ணன் வந்து பேப்பர பானெட்டு மேல வச்சாரு, போட்டேன். இன்னொரு சாட்சி வேணும்னாரு. முன் சீட்டுல உக்காந்திருந்த ஆளு போட்டுச்சு. அது யாருன்னே தெரியல.”

இந்தப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து என்பது வண்டிக்கு ஸ்டார்ட் கொடுக்கத் தள்ளிவிடுவது மாதிரி ஒரு உதவி. யாரும் படித்துப் பார்த்துப் போடுவதில்லை. விடிவதற்குள் ஆண் பெண் எல்லோரும் ஜீப்பில் ஏலக்காய் பறிக்கக் கேரளா மலைக்குப் போய்விடுவதால், பத்திரம் எழுதுகிறவர்களும் ஜீப் நிறுத்தத்துக்கே காகிதத்தைக் கொண்டுபோய்விடுகிறார்கள். நான் இதற்கு முன்னால் வேலை பார்த்த ஒரு வீட்டில் இப்படி எழுதிய உயில் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. எழுதியவர் வைத்த கையெழுத்தைச் சாட்சிகள் தங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அவர் முன்னால்தான் அவர்களும் போட வேண்டும்.

ஈஸ்வரபாண்டி போனதும் கருத்தம்மாளிடம் நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தக் காகிதத்தை நம்பாதே, புதிதாக எழுத வேண்டும் என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்றெண்பது இருந்தது. ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்கச் சொன்னேன். படுக்கவில்லை.

“நீயே அவரைக் கேள்,” என்றேன்.

“நான் கேக்க மாட்டேன்க்கா. இத்தன வருசத்துல ஒரு சேல வேணும்னு கேட்டதில்ல. சாகப் போற நேரத்துல வீட்டக் கேட்டா, இதுக்குத்தான் இருந்தாளாக்கும்னு நெனச்சிருவாக. நெனச்சுட்டு செத்துப்போனாகன்னா நான் என்ன செய்ய?”

அதனால் அவள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போன நேரத்தில் நான் கேட்டேன். மொக்கைச்சாமிக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. பேச்சில்தான் குறை. வாதம் வந்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகும். மனதில் ஒன்று இருக்கும், வாயில் வேறு சொல் வரும். சோறு கேட்க நினைத்து சீப்பு கேட்பார், தப்பு என்று தெரிந்து அவரே கட்டிலில் அடித்துக்கொள்வார். பழைய உயில் செல்லாது, புதிதாக எழுதலாமா என்று நான் கேட்டதும் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டி, “எழுது, எழுது” என்றார். அந்தச் சொல் சரியாகத்தான் வந்தது.

கம்பத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரே படித்த ஆள் லத்திபா. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சியம்மாளுக்கு வலி ஊசி போட அந்தக் காலத்தில் இங்கே வந்து போனவர். அவர் நோயாளியைப் பார்த்துக்கொள்ள, நானும் கருத்தம்மாளும் பஸ் ஏறி உத்தமபாளையம் போனோம். லத்திபா சொல்லியனுப்பிய வக்கீல் முஜிபுர் ரஹ்மான், நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை என்பதால் வீட்டில் இருந்தார். நிதானமாகக் கேட்டுவிட்டு வரிசையாகச் சொன்னார். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்தால் நல்லது, ஆனால் கட்டாயமில்லை. சார்பதிவாளரை வீட்டுக்கு அழைக்க மனுப் போட்டால் நாளாகும். டாக்டர் ஒருவர் முந்தின நாளே வந்து பார்த்து, சுயநினைவு இருக்கிறது, பேச்சில் மட்டும் தடுமாற்றம் என்று எழுதித் தர வேண்டும். இரண்டு சாட்சிகள், இருவருக்கும் இதில் ஒரு பைசா லாபம் இருக்கக் கூடாது. உயிலை நிறைவேற்றுபவராகக் கருத்தம்மாளையே போடலாம். பெரியவர் காலமான பிறகு, உயில் செல்லும் என்று உத்தரவு கேட்டு அவளே மாவட்ட நீதிமன்றத்தில் புரோபேட் மனுப் போடலாம். இந்தப் பக்கத்துக்கு அது கட்டாயமில்லைதான், ஆனால் மகன் எதிர்ப்பார் என்று தெரிந்தால் போட்டுவிடுவது நல்லது என்றார். பழைய உயிலைக் கிழிக்க வேண்டாம், அவர் எண்ணம் மாறவில்லை என்று காட்ட உதவும் என்றும் சொன்னார். சாட்சியாக நான் கூடாது. மகனிடம் சம்பளம் வாங்குகிறவள்.

கருத்தம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நான் கோர்ட்டுக்கு வரணுமா, சார்?”

வர வேண்டும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

மறுநாள் வைகுண்டராஜ் குடும்பத்தோடு வந்து இறங்கினார். வீரபாண்டியில் கௌமாரியம்மனுக்கு அவர் மனைவிக்குத் தீச்சட்டி நேர்த்திக்கடன் இருந்தது. வந்ததும் வராததுமாக, நேர்த்திக்கடன் முடிந்து வெள்ளிக்கிழமை அப்பாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். கருத்தம்மாள் பக்கம் பார்க்காமலே, “வீட்டப் பூட்டிருவோம். நீங்க கூடலூர்ல தம்பி வீட்டுக்குப் போயிரலாம்ல?” என்றார். அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். பயந்தால் அவள் எதற்கும் தலையாட்டுவாள். நான் அவளைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய் முகம் கழுவ வைத்தேன்.

ஆக, கையில் இருந்தது ஒரே ஒரு காலைப்பொழுது. வியாழக்கிழமை தீச்சட்டி எடுக்க அவர்கள் வீரபாண்டி போவார்கள், சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், அன்றைக்கு ஊரே வீரபாண்டியில் இருக்கும். சாட்சிக்கு ஆள் ஏது? லத்திபா ஒருத்தர் வீட்டில் இருப்பார், வருகிறேன் என்றார். இன்னொருவர்? கேட்ட இரண்டு மூன்று பேர் வைகுண்டராஜ் பெயரைக் கேட்டதும் நழுவினார்கள். கடைசியில் ஈஸ்வரபாண்டிக்கே போன் செய்தேன். அவன் திருவிழாவுக்கு ஆள் ஏற்றி ஓயாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். ஹாரன் அடித்து யாரையோ விலகச் சொன்னான். பிறகு, “நாந்தானம்மா கெடுத்தேன். நானே வந்து போடுறேன்,” என்றான்.

புதன்கிழமை லத்திபா ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார், பிரயாணத்துக்கு முன்னால் ஒரு பரிசோதனை என்று வைகுண்டராஜிடம் சொல்லி, அவர் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கார் கிளம்பியது. பத்தரைக்கு வக்கீல் பைக்கில் வந்தார். லத்திபா ஆட்டோவில் வந்தார். ஈஸ்வரபாண்டி வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. பதினொன்றானது, பதினொன்றேகால் ஆனது. சாலையில் எந்த வண்டி வந்தாலும் கருத்தம்மாள் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வக்கீல் அவளை வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பலன் பெறுகிறவர் பக்கத்தில் நின்றால் பின்னால் கேள்வி வரும். தோட்டத்தில் மோட்டார் அறைக்குப் பக்கத்தில், பந்தல் நிழலில் போய் உட்காரச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் தெரியும். உள்ளே பேசுவது கேட்காது. பதினொன்றரைக்கு ஜீப் வந்தது. நெற்றி நிறைய திருநீறும் சட்டை நிறைய மஞ்சள் தண்ணீருமாக ஈஸ்வரபாண்டி ஓடி வந்தான்.

வக்கீல் எழுதி வந்ததைச் சத்தமாக வாசித்தார். மொக்கைச்சாமி கண்ணை இமைக்காமல் கேட்டார். தோட்டம் யாருக்கு என்று வக்கீல் கேட்டதற்கு, “மகன்” என்றார். வீடு யாருக்கு என்று கேட்டார்.

“பேச்சிக்கு,” என்றார் மொக்கைச்சாமி.

வக்கீல் இன்னொரு முறை கேட்டார். மறுபடியும் பேச்சி என்றுதான் வந்தது. இறந்துபோன மனைவிக்கு வீடு எழுதுகிறவர் சுயநினைவோடு இருக்கிறார் என்று யார் நம்புவார்கள்? வக்கீல் பேனாவை மூடினார். இன்றைக்கு வேண்டாம், இப்படி எழுதினால் நிற்காது என்றார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கருத்தம்மாள் இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இந்த நேரம் அவர் காரில் கோயம்புத்தூர் போய்க்கொண்டிருப்பார்.

பத்து நிமிடம் கொடுங்கள் என்று வக்கீலிடம் கேட்டேன். பேச்சு இழந்தவர்களை அவசரப்படுத்தினால் தவறான சொல்தான் திரும்பத் திரும்ப வரும். நான் அவருக்கு எந்தப் பெயரையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது என் வேலையும் இல்லை. தலைமாட்டை உயர்த்தி, முகம் துடைத்து, நாலு ஸ்பூன் கஞ்சி கொடுத்தேன். எல்லோரும் பேசாமல் இருந்தோம். அவர் முகம் சிவந்து, இடது கை விரல்கள் போர்வையைக் கசக்கிக்கொண்டே இருந்தன. வக்கீல் மூன்றாவது முறை கேட்டார்.

மொக்கைச்சாமி ஜன்னல் பக்கம் கையை நீட்டினார். “வெளிய… வெளிய உக்கார வச்சிருக்கீகளே. அவளுக்கு.”

வக்கீல் பேனாவைத் திறந்தார். இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தாயிற்று. லத்திபாவும் ஈஸ்வரபாண்டியும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் கண்ணுக்கு நேராக ஒரு பலகையில் வைத்து, ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். ஈஸ்வரபாண்டி போடும் முன்னால் எல்லா வரியையும் வாய்விட்டுப் படித்தான்.

வெள்ளிக்கிழமை அவரைக் கொண்டுபோனார்கள். நானும் கூடவே போனேன். பத்தொன்பதாம் நாள் இறந்துவிட்டார். உடலை ஊருக்குக் கொண்டு வந்தபோது கருத்தம்மாள் பெண்கள் கூட்டத்துக்குக் கடைசியில் நின்றாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் வைகுண்டராஜ் வீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டார். அவள் துணிமணி இரண்டு சாக்குகளில் வாசலில் இருந்தது. லத்திபா ஆட்டோ கொண்டுவந்து தன் வீட்டுப் பின்னறைக்குக் கூட்டிப்போனார்.

கருத்தம்மாள் பெயரில் மனுப் போட்டார்கள். அசல் உயிலை நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள், பேப்பரில் அறிவிப்பு வந்தது. வைகுண்டராஜ் எதிர்த்து மனுப் போட்டதும் அது முழு வழக்காக மாறி, ஒன்றேகால் வருடம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கு முந்தின நாளும் கருத்தம்மாள் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள் என்று லத்திபா போனில் சொல்வார். அந்த எதிர்மனுவில் ஒரு வரி இருந்தது. அப்பா கடைசிக் காலத்தில் புத்தி தடுமாறி, செத்துப்போன அம்மா பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார், உயில் எழுதிய நேரத்திலும் அதைத்தான் சொன்னார் என்று. இது எப்படி வெளியே போனது என்று விசாரித்தால், ஈஸ்வரபாண்டி டீக்கடையில் சொல்லியிருக்கிறான்.

சாட்சி விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் கருத்தம்மாள் எனக்குப் போன் செய்தாள். நான் அப்போது பெரியகுளத்தில் வேறொரு வீட்டில் இருந்தேன்.

“அக்கா, ஈஸ்வரபாண்டிகிட்ட சொல்லுங்க. பேச்சின்னு சொன்னத மட்டும் சொல்ல வேணாம்னு. ஒரு சொல்லுதானக்கா.”

மாட்டேன் என்றேன். பொய் சொல்ல வராதவன் பொய் சொன்னால் குறுக்கு விசாரணையில் அவிழ்ந்துவிடும், பிறகு அவன் சொன்ன உண்மையும் போய்விடும். அப்படியானால் நீங்களாவது கூட வந்து உட்காருங்கள் என்றாள்.

விசாரணை நாளில் லீவு சொல்லிவிட்டு நானும் தேனி கோர்ட்டுக்குப் போனேன். முதலில் லத்திபா சாட்சி சொன்னார். அவர் அரசாங்க வேலை பார்த்தவர், திணறவில்லை. ஈஸ்வரபாண்டி கூண்டில் ஏறும்போதே வியர்த்துவிட்டான். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் ஜீப் பானெட்டில் போட்ட பழைய கையெழுத்தைக் காட்டினார். படிக்காமல் போட்டாயா? ஆமாம். யாரென்று தெரியாத ஆளோடு சேர்ந்து போட்டாயா? ஆமாம். அப்படியானால் இரண்டாவது உயிலிலும் அப்படித்தானே? இல்லை, அதை முழுக்கப் படித்தேன் என்றான். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. வீடு யாருக்கு என்று கேட்டபோது அவர் யார் பெயரைச் சொன்னார்?

கருத்தம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

“பேச்சின்னாக,” என்றான் ஈஸ்வரபாண்டி. “ரெண்டு தடவ சொன்னாக.”

அந்த வக்கீல் போதும் என்று உட்கார்ந்துவிட்டார். முஜிபுர் ரஹ்மான் மறுவிசாரணைக்கு எழுவதற்குள் நீதிபதியே, அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று கேட்டார்.

“வெளிய உக்கார வச்சிருக்கீகளே, அவளுக்குன்னு சொன்னாகய்யா. வெளிய இருந்தது இவுக ஒருத்தருதான். மோட்டார் ரூம்புகிட்ட உக்காந்திருந்தாக. பேச்சியத்தை செத்து இருவது வருசத்துக்கு மேல ஆச்சு.”

நீதிபதி எழுதிக்கொண்டார். அவர் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தீர்ப்புக்கு மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் கருத்தம்மாள் ஆறு கிலோ குறைந்தாள். சர்க்கரையா, தைராய்டா என்று நானே பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். எதுவும் இல்லை.

உயில் செல்லும், புரோபேட் வழங்கப்படுகிறது என்று தீர்ப்பு வந்தது. டாக்டர் முந்தின நாள் எழுதிக் கொடுத்த சான்றும், சாட்சி மறைக்காமல் சொன்னதும் தீர்ப்பில் இருக்கின்றன.

பத்து நாள் கழித்து வைகுண்டராஜ் லத்திபா வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அங்கேதான் இருந்தேன். கருத்தம்மாள் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் உள்ளே வரவில்லை. சாவியை நீட்டினார். அவள் வாங்கவில்லை, லத்திபா வாங்கினார். மேல்கோர்ட்டுக்குப் போவது பற்றி இன்னும் முடிவு பண்ணவில்லை என்றார். கிளம்பப் போனவர் நின்று, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“எங்கம்மா பேர நெசமாவே சொன்னாரா?”

“எனக்குத் தெரியாது தம்பி. என்னைய உள்ள விடல.”

அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாளே கருத்தம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். பூட்டைத் திறந்து, கரப்பான் மருந்து அடித்து, கழுவிவிட்டு, ஒரு அறையில் மட்டும் பாய் போட்டிருக்கிறாள். மற்ற அறையைத் திறப்பதில்லை. மதுரை ஹைகோர்ட்டில் மேல்முறையீடு செய்யத் தொண்ணூறு நாள் அவகாசம் இருக்கிறது என்று வக்கீல் அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. நோட்டீஸ் வந்தால் கொண்டுவர வேண்டிய தபால்காரர் சுருளிப்பட்டி ரோட்டில் பதினொரு மணிவாக்கில் வருவார். அந்த நேரத்தில் அவளுக்குப் போன் செய்தால் எடுக்கமாட்டாள்.